சோடா, கலர், கூல்டிரிங்ஸ்: மூன்று பெயர்கள் காட்டும் வளிநீர் வரலாறு

1. முன்னுரை

ஒரு நாட்டு மக்களின் உணவு வரலாற்றை ஆராயப் புகுவார்க்குக் கல்வெட்டும் செப்பேடும் துணை செய்யும் அளவிற்குப் பேச்சு வழக்கில் உலவும் சொற்களும் துணை செய்யும். புதிய பொருள் ஒன்று நாட்டினுள் வந்து புகுங்கால், மக்கள் அதற்கு ஒரு பெயர் இடுகின்றனர். அப்பொருளில் அவர்கள் எதனைக் கண்டனர், எதனைக் காணவில்லை என்பதற்கு அப்பெயரே சான்றாகின்றது.

காற்றேற்றிய நீர் தமிழகத்தில் மூன்று பெயர்களால் வழங்கி வந்துள்ளது. சோடா, கலர், கூல்டிரிங்ஸ் என்பன அவை. இம்மூன்றும் ஒரு பொருட் பன்மொழி போலத் தோன்றினும் அவ்வாறு கொள்ளுதல் பொருந்தாது. சோடா என்பது அப்பானம் மருந்தாக மதிக்கப்பட்ட நிலையையும், கலர் என்பது அது விருந்தாக மாறிய நிலையையும், கூல்டிரிங்ஸ் என்பது அது நாள் வழக்காகப் பெருகிய நிலையையும் காட்டுவன. முதல் நிலையில் வளி ஈட்டிய நற்பெயரை, அதற்கு யாதோர் உரிமையும் இல்லாத சர்க்கரை பின்னிரு நிலைகளிலும் தனதாக்கிக்கொண்டது என்பதே இக்கட்டுரையிற் யாம் நிறுவ விழையும் கருத்து.

இதனை ஆராய்தற்குக் கள்ளக்குறிச்சிச் சமவெளியையும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையையும் நிலைக்களமாகக் கொள்கின்றோம். கரும்பு விளையும் நிலமும், தனக்கெனப் பழைய உணவு முறையுடைய மலையும் அருகருகே அமைந்த பகுதி இது. குடிப்பது யாது என்று அறியாமையால் நேரும் கேட்டினை அண்மைக் காலத்தில் உலகறியக் கண்ட ஊரும் இதுவே.

2. நிலமும் அதன் பருகுபொருள்களும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்தினின்று பிரிக்கப்பெற்று 2019 நவம்பர் 26ஆம் நாள் முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகின்றது. கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகியும் மணிமுத்தாறும் இதன் நிலங்களை நனைத்து வெள்ளாற்றிற் கலக்கின்றன. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய ஈரிடங்களிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்துள்ளமை இந்நிலத்தில் கரும்பு பெற்றுள்ள இடத்தை உணர்த்தும்.

மலைமீது வாழ்வோருட் பெரும்பாலார் மலையாளி என வழங்கப்பெறும் பழங்குடியினர். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளி ஆகியன அவர்தம் விளைபொருள்கள். தேன், கடுக்காய், புளி ஆகியன காடுபடு பொருள்கள். இம்மலைப் பகுதி நெடுங்காலம் மூன்று சாகீர்தார்களின் ஆட்சியில் இருந்து, 1976ஆம் ஆண்டிலேயே அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. ஆகவே சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் சமவெளியை நோக்கக் காலந்தாழ்த்தே இங்கு வந்தன. சமவெளியின் கடைப்பொருள்களும் அவ்வாறே.

இப்பகுதியின் பழம் பருகுபொருள்களை அறியச் சங்க நூல்கள் ஓரளவு உதவுகின்றன. இம்மலைக்கு வடக்கே செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலைவாழ் மக்கள் தம்பால் வந்த கூத்தர்க்கு மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேன் தேறலை அளித்து ஓம்பிய செய்தியைக் கூறுகின்றது. இன்று இம்மாவட்டத்துள் அடங்கும் திருக்கோவலூர் மலையமான் காரியின் ஊர் என்பதும், அவனைக் கபிலர் பாடினார் என்பதும் அறிஞர் அறிந்தன.

தேறலைப் பற்றி ஈண்டுக் குறித்தற்குக் காரணம் உண்டு. இனிய சாறு புளிக்குங்கால் அதன்கண் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு, ஒருபுறம் வெறிப்பொருளையும் மறுபுறம் கரிவளியையும் வெளியிடுகின்றன. புதுக்கள்ளின் நுரையும், புளித்த மாவின் பொங்குதலும் அவ்வளியின் செயலே. அவ்வளியே இன்று சோடாவிலும் நிற்பது. ஆகவே நாவிற் குத்தி மூக்கில் ஏறும் அச்சுவை தமிழர்க்கு முற்றிலும் புதிதன்று. புளிப்பின்றியே வளியை மட்டும் நீரினுட் புகுத்தியமைதான் புதிது.

3. வளிநீரின் பிறப்பு

1767ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்சு நகரில், மதுவடிக்கும் ஆலை ஒன்றன் அருகே வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர், புளிக்கும் தொட்டிகளின் மேற்பரப்பில் கனமானதொரு வளி தங்கி நிற்பதைக் கண்டார். அவ்வளியினுள் நீரை ஒரு கலத்தினின்று மற்றொரு கலத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றவே, நீர் அதனை ஏற்று இனிய கூர்ஞ்சுவை பெற்றது. வளியை வேறு முறையால் உண்டாக்கி நீரில் ஏற்றும் வழியை விளக்கி 1772இல் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். நெடுங்கடற் பயணஞ் செய்வாரை வருத்திய ஈறுநோய்க்கு இந்நீர் மருந்தாகும் என்றும் அவர் நம்பினார். அந்நோய்க்கு உரிய மருந்து எலுமிச்சை முதலிய புளிப்புக் கனிகளில் உள்ளதே அன்றி, நீரிலுள்ள வளியில் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வளிநீரைப் பற்றி எழுந்த முதல் மருத்துவக் கூற்றே பிழைபட்டது என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

1783இல் ஜெனீவா நகரில் யோகான் யாக்கோபு சுவெப்பு என்பவர் இதனைத் தொழிலாக்கினார். ஐரோப்பாவில் இயற்கையாகவே வளி கலந்து ஊறும் சுனைகள் சில உண்டு. அவற்றின் நீர் நோய் தீர்க்கும் என்னும் நம்பிக்கை அங்குப் பழமையானது. செயற்கை வளிநீர் அச்சுனைநீரின் போலியாகவே விற்பனைக்கு வந்தமையின், மருந்து என்னும் மதிப்பு அதனோடு உடன்பிறந்ததாயிற்று.

குளிர்ந்த நீர் வளியை மிகுதியாக ஏற்கும்; வெம்மையுற்ற நீர் அதனை விரைந்து விடும். அழுத்தம் மிகுந்தால் ஏற்கும் அளவும் மிகும். இவ்விரண்டாவது உண்மையை வில்லியம் என்றி 1803இல் அளந்து காட்டினார். அழுத்தத்துடன் அடைத்தலும் குளிரவைத்துத் தருதலும் இத்தொழிலின் இரு தூண்களாக நின்றமை இதனாலேயே ஆகும். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவினின்று கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்த கட்டடம். வெள்ளையரின் பருகுகலங்கள் அப்பனிக்கட்டியாற் குளிர்ந்தன.

இத்தொழில் பெருநகரங்களைக் கடந்து சிற்றூர்களிலும் பரவுதற்கு வழிசெய்தது ஒரு புட்டி. ஹைராம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872இல் உரிமம் பெற்ற அப்புட்டியின் கழுத்தினுள் ஒரு கண்ணாடிக் கோலியும், வாயில் ஒரு ரப்பர் வளையமும் உண்டு. புட்டியைத் தலைகீழாக நிறுத்தி நிரப்புங்கால் கோலி வாயருகே விழும். உள்ளிருக்கும் வளியின் அழுத்தமே அதனை வளையத்தோடு இறுக்கி அடைத்துவிடும். தக்கையும் வேண்டா, தகர மூடியும் வேண்டா. புட்டியைக் கழுவி மீண்டும் மீண்டும் நிரப்பலாம். சிறு முதலும் ஒரு கைச்சுழல் எந்திரமும் உடையார் எவரும் இத்தொழிலைத் தொடங்க இயன்றமையின், ஊர்தோறும் சோடாக் கடைகள் தோன்றின. பிறந்த நாட்டில் வழக்கொழிந்த அப்புட்டி, சிறுவர் விளையாடும் கோலியின் பெயரைத் தாங்கிக் கோலிச் சோடா எனத் தமிழகத்தில் இன்றும் உலவுகின்றது.

4. சோடா என்னும் பெயர்: மருந்து நிலை

வளிநீர் செய்யத் தொடக்க காலத்திற் சோடா உப்பைப் பயன்படுத்தியதால் அவ்வுப்பின் பெயரே நீருக்கும் ஆயிற்று. அடுக்களையில் ஆப்பச் சோடா என வழங்குவதும் அவ்வுப்பினத்தைச் சார்ந்ததே. கருவியின் பெயர் அதனாற் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவந்தமையின் இதனைக் கருவியாகுபெயர் எனலாம். பின்னாளில் அவ்வுப்பின்றி வளியை மட்டும் ஏற்றும் முறை வந்த பின்னரும் பெயர் மாறவில்லை. எனினும், இப்பெயர் பானத்தின் ஆக்கத்தைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கின்றது என்பதைக் கருத்திற் கொள்க.

தமிழர் இப்பானத்தை எளிதில் ஏற்றமைக்கு அவர்தம் மருத்துவக் கொள்கையும் ஒரு காரணம் என யாம் கருதுகின்றோம். நோய்க்கு முதலாவன வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன் மிகுதலும் குறைதலுமே என்பது நம் பழமருத்துவக் கொள்கை. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரமும் வளியை முதலாக வைத்தே அம்மூன்றையும் சுட்டுகின்றது. வயிற்றுப் பொருமல், உப்புசம், மந்தம் ஆகியவற்றை 'வாயு' என்னும் ஒரு சொல்லால் இன்றும் மக்கள் குறிக்கின்றனர். பொருமல் உற்றவன் சோடாவைக் குடிக்கின்றான். சிறிது நேரத்தில் ஏப்பம் எழுகின்றது. அடைபட்டிருந்த வாயு வெளிப்பட்டது என அவன் மகிழ்கின்றான். கண்முன்னே நிகழும் இச்சான்றினும் வேறு சான்று வேண்டுவானோ?

ஆயின் இச்சான்று ஆராய்ச்சிக்கு நில்லாது. நீரின் கொள்ளளவைப் போல மும்மடங்கு வளி ஏற்றிய 200 மில்லி லிட்டர்ப் புட்டியினுள் அடங்கிய வளி ஏறத்தாழ 600 மில்லி லிட்டர் ஆகும். வயிற்றின் வெம்மையில் அது விரைந்து விடுபடுகின்றது. ஆகவே ஏப்பமாக எழுந்த வளியிற் பெரும்பகுதி அப்போது குடித்த வளியே. முன்னர் வருத்திய வாயு அன்று. வந்த விருந்தினன் வந்த வழியே மீண்டதைக் கண்டு, வீட்டிலிருந்த பகைவன் ஓடினான் என எண்ணியது போன்றது இது.

எனினும் சோடாவை முற்றும் பழித்தல் நடுநிலை ஆகாது. 2002இல் இத்தாலி நாட்டில் செரிமானக் குறையும் மலச்சிக்கலும் உடைய சிலரிடம் நிகழ்ந்த சிற்றாய்வு ஒன்று, வளி கலந்த நீர் அவர்க்குச் சிறிது நலம் தந்ததாகக் காட்டிற்று. மாறாக, நெஞ்செரிச்சலும் அமிலம் எதிர்த்தெழும் நோயும் உடையார்க்கு வயிற்றை விரிக்கும் வளி துன்பத்தை மிகுவிக்கக் கூடும். ஏனையோர்க்கு வெறுஞ் சோடா பெருமருந்தும் அன்று; பெருந்தீங்கும் அன்று. அதன் புளிப்பு மென்மையானது. அதன்கண் சர்க்கரை அறவே இல்லை. சிறிது எலுமிச்சைச் சாறு கலந்து குடித்தாலும் கேடில்லை. உப்புக் கலந்து குடிக்கும் வழக்கமுடையாருள் குருதியழுத்தம் மிக்கார் மட்டும் உப்பின் அளவை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

5. கலர் என்னும் பெயர்: விருந்து நிலை

சோடாவில் சர்க்கரைப்பாகும் மணச்சாறும் நிறமும் சேர்ந்தபோது அது கலர் ஆயிற்று. நிறத்தின் பெயர் நிறமுடைய பானத்திற்கு ஆகிவந்தமையின் இது பண்பாகுபெயர். கருப்பு, வெள்ளை என்னும் பண்புப் பெயர்கள் கால்நடைக்கு ஆகிவருதல் போல்வது. மக்கள் முதற்கண் கண்டது நிறத்தையே என்பதும், உள்ளே கலந்த சர்க்கரை பெயரில் இடம்பெறவில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

கலர் நாள்தோறும் குடிக்கப்பட்ட பொருள் அன்று. வீட்டிற்கு வந்த மாப்பிள்ளைக்கும், பெண் பார்க்க வந்தார்க்கும், நெடுநாட் கழித்து வந்த உறவினர்க்கும் கடைக்கு ஆளனுப்பி வாங்கி வந்து தரப்பட்டது. திருவிழாவிற் சிறுவர் ஆவலுடன் வேண்டியது. வெறுஞ் சோடாவோ பொதுக்கூட்ட மேடை ஏறிற்று. நெடும்பொழுது பேசிய நாவலர்க்கு அதனை உடைத்துக் கொடுத்தல் ஒரு மரபாயிற்று. தடித்த கண்ணாடியைச் 'சோடாப்புட்டிக் கண்ணாடி' என்னும் வழக்கும் எழுந்தது. ஒரு பொருள் மொழியினுள் உவமையாகப் புகுமாயின், அது வாழ்வினுள் வேரூன்றிவிட்டது என்பது உறுதி.

இந்நிலையில் தமிழ்நாட்டு வணிகர்களும் இத்தொழிலில் முன்னின்றனர். விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனம் இதற்குத் தக்க சான்று. அந்நிறுவனம் 1950களின் இறுதியில் வெளியிட்ட பொவன்டோ இன்றும் விற்பனையில் உள்ளது. பன்னீர்ச் சோடா போன்ற வகைகளும் ஊர்தோறும் வழங்கின. நன்னாரி வேரின் சாற்றைச் சர்க்கரைப்பாகிற் சேர்த்த சர்பத்தும் சோடாவோடு கலக்கப்பட்டது. அயல்நாட்டு வளியும் நம் காட்டு வேரும் ஒரு குவளையில் கலந்த அக்கலப்பு, நம் மக்கள் புதியதைத் தம் சுவைக்கேற்ப ஆக்கிக்கொண்ட திறத்தைக் காட்டும்.

விருந்து நிலையில் சர்க்கரையாற் கேடு மிகுதியாக நேரவில்லை. காரணம், அப்பொருளின் நன்மை அன்று, அதன் அருமையே. ஆண்டிற் சில முறை குடித்த பானம் உடலை வருத்தவில்லை. ஆயின், சோடா வயிற்றுக்கு நல்லது என்னும் பழைய நம்பிக்கை யாருமறியாமற் கலரின் மேலும் படிந்தது. உண்டபின் செரிப்பதற்காக எனக் கலரைக் குடிக்கும் வழக்கம் இந்நம்பிக்கையின் எச்சமே.

6. கூல்டிரிங்ஸ் என்னும் பெயர்: நாள் வழக்கு நிலை

மூன்றாம் பெயர் ஆங்கிலப் பன்மைச் சொல். தமிழில் அது ஒருமை பன்மை வேறுபாடின்றி, 'ஒரு கூல்டிரிங்ஸ்' என வழங்குகின்றது. அதன் பெயர்ப்பாகிய குளிர்பானம் என்பதனைக் குளிர்ந்த, குளிர்கின்ற, குளிரும் பானம் என விரித்து வினைத்தொகையாகக் கொள்ளலாம். இப்பெயர் பானத்தின் ஆக்கத்தையும் சொல்லவில்லை; நிறத்தையும் சொல்லவில்லை. தீண்டும்போது தோன்றும் தட்பத்தை மட்டுமே சொல்கின்றது. முதற்பெயர் ஆக்கப்பொருளைச் சுட்ட, இரண்டாம் பெயர் தோற்றத்தைச் சுட்ட, மூன்றாம் பெயர் ஊற்றுணர்வை மட்டும் சுட்டுகின்றது. பானத்தின் உட்பொருள் சிக்கலாகுந்தோறும் பெயர் சொல்லும் செய்தி குறைந்து வந்தமை காண்க.

கொக்கக் கோலா நிறுவனம் 1977இல் இந்தியாவை விட்டு நீங்கி 1993இல் மீண்டும் வந்தது. அதற்குச் சற்று முன்னரே பெப்சியும் வந்துவிட்டது. கண்ணாடிப் புட்டியைக் கடையிலேயே குடித்துத் திருப்பித் தருதல் வேண்டும். அதன் அளவும் சிறிது. பிளாஸ்டிக் புட்டியோ வீட்டிற்கு எடுத்துச் செல்லத் தக்கது; இரண்டு லிட்டர் வரையும் கொள்வது. மலைச்சாலையில் உடையாமற் செல்வதும் அதுவே. கோலிப் புட்டி எவ்வூரில் நிரப்பப்பட்டதோ அவ்வூரை அடுத்தே உலவியது; பிளாஸ்டிக் புட்டி சாலை செல்லும் இடமெல்லாம் செல்லும். அருமை நீங்கி எளிமை வந்தது. விருந்து நீங்கி நாள் வழக்கு வந்தது.

உட்பொருள் பற்றிய ஐயங்களும் இந்நிலையிலேயே எழுந்தன. நறுமண எண்ணெயை நீரிற் கலந்து நிறுத்தற்குப் பயன்பட்ட புரோமின் ஏற்றிய தாவர எண்ணெயை இந்திய அரசு 1990இல் தடை செய்தது. 2003 ஆகஸ்டில் புது தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், விற்பனையிலுள்ள பானங்களிற் பூச்சிகொல்லி எச்சங்கள் இருந்தமையை வெளியிட்டது. அதனை ஆராய அமைந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழு 2004 பிப்ரவரியில் அம்முடிவைச் சரியென ஏற்றது. கேரளத்துப் பிளாச்சிமடையில் நிலத்தடி நீர் பற்றி எழுந்த போராட்டத்தின் விளைவாக ஆங்கிருந்த ஆலை 2004இல் மூடப்பட்டது. தமிழகத்தில் வணிகர் அமைப்புகள் 2017 மார்ச்சு முதல் நாளிலிருந்து அயல்நாட்டுப் பானங்களை விற்பதில்லை என அறிவித்தன.

இப்போராட்டங்கள் பயனுடையன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றுள் எதுவும் சர்க்கரையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. பூச்சிகொல்லி அயலாரின் குற்றம். நிலத்தடி நீர் ஆலையின் குற்றம். சர்க்கரையோ நம் நாவின் விருப்பம். உள்நாட்டுப் பானமாயின் நன்று என்னும் எண்ணமும் இதனாலேயே எழுந்தது. கணையம் பானத்தின் நாட்டை வினவுவதில்லை. சர்க்கரையின் அளவையே வினவுகின்றது.

7. உடல்நலம்: வளியின் குற்றமும் சர்க்கரையின் குற்றமும்

இத்தகைய இனிப்புப் பானங்களில் 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் சர்க்கரை உண்டு. 300 மில்லி லிட்டர் குடித்தால் 30 கிராமிற்கு மேல், அஃதாவது ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை உட்செல்லும். உலக நல நிறுவனம் 2015இல் வெளியிட்ட நெறிமுறை, சேர்க்கப்படும் சர்க்கரையால் வரும் ஆற்றல் நாள் உணவின் ஆற்றலில் 10 விழுக்காட்டிற்குக் கீழே இருத்தல் வேண்டும் என்றும், 5 விழுக்காட்டிற்குக் கீழே இருப்பின் மேலும் நன்று என்றும் கூறுகின்றது. பின்னது ஏறத்தாழ 25 கிராம் ஆகும். ஒரு புட்டியே அவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றது.

நீர்வடிவில் வரும் சர்க்கரை பசியை ஆற்றுவதில்லை. ஆகவே குடித்தவன் உணவைக் குறைப்பதில்லை. மிகுந்த ஆற்றல் கொழுப்பாகத் தங்குகின்றது. அதன் ஒரு கூறாகிய பழச்சர்க்கரை கல்லீரலை அடைந்து அங்கே கொழுப்பாக மாறவும் கூடும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, நாள்தோறும் ஒருமுறை இனிப்புப் பானம் குடிப்பார்க்கு நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 18 விழுக்காடு மிகுவதாகவும், உடற்பருமனின் பங்கினை நீக்கிக் கணித்தாலும் 13 விழுக்காடு மிகுவதாகவும் காட்டிற்று. இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் மக்கள் நீரிழிவுடையார் என 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு கணித்துள்ளமையை இதனோடு சேர்த்து எண்ணுக.

பல்லுக்கு நேரும் கேடு சர்க்கரையாலும் அமிலத்தாலும் ஆவது. கோலா வகைப் பானத்திற் பாசுபாரிக் அமிலமும், ஏனையவற்றில் எலுமிச்சை அமிலமும் சேர்க்கப்படுகின்றன. அவற்றின் புளிப்பை இனிப்பு மறைத்துவிடுவதால் நா அதனை உணர்வதில்லை. பல்லின் மேற்பூச்சு உணர்கின்றது. எலும்பைப் பொறுத்தமட்டில், 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த பிராமிங்காம் ஆய்வு, நாள்தோறும் கோலா குடித்த பெண்டிரின் இடுப்பெலும்புச் செறிவு குறைந்திருந்தமையைக் கண்டது. வளி கலந்த ஏனைய பானங்களைக் குடித்தாரிடம் அக்குறை காணப்படவில்லை. வளியே எலும்பை அரிக்கும் என்னும் பரவலான அச்சத்திற்கு இது விடையாகும்.

இவற்றினும் உடனடிக் கேடு தருவது ஒன்றுண்டு. வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்குச் சோடாவோ கலரோ வாங்கித் தரும் வழக்கம் அது. மருந்து நிலையின் எச்சம். உலக நல நிறுவனம் 2002இல் வகுத்த உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் பிற உப்புகளும் உள்ளன. இனிப்புப் பானத்திலோ லிட்டருக்கு 100 கிராமிற்கு மேற்பட்ட சர்க்கரை உண்டு; இழந்த உப்பினை ஈடுசெய்யும் அளவிற்கு அதில் உப்பு இல்லை. மிகுந்த சர்க்கரை உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கினை மிகுவிக்கும். மருத்துவமனைக்கு நெடுந்தொலைவு இறங்கி வரவேண்டிய மலையூர்க் குழந்தைக்கு இப்பிழை உயிர்ப்பிழையும் ஆகலாம்.

சர்க்கரை மருந்தின் பெயரைக் கடன்வாங்குதல் பழங்கதை அன்று. கரைசலுக்குரிய ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரை வணிகப் பெயரோடு ஒட்டிக்கொண்டு இனிப்புப் பானங்கள் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் இதனைத் தடை செய்தது. சோடாவின் நற்பெயரைக் கலர் கவர்ந்த வரலாறே வேறு உருவில் மீண்டும் நிகழ்ந்தது என்க.

8. கள்ளக்குறிச்சி கற்பிக்கும் பாடம்

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்து அறுபதின் மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலினுட் சென்று பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியைக் கெடுத்து உயிரையும் கவர்வது. அக்கொடுமையையும் இனிப்புப் பானத்தையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பது எம் நோக்கம் அன்று. அது சில மணிப்பொழுதிற் கொல்வது. இது பல்லாண்டுகளில் உடலைத் தளர்விப்பது. அது குற்றம், இது சட்டம் ஏற்ற வணிகம். எனினும் இரண்டற்கும் பொதுவாய உண்மை ஒன்றுண்டு. கலத்தின் தோற்றமும் நாவின் சுவையும் உட்பொருளுக்குச் சான்றாகா. அறியாமற் குடிப்பவன் பிறர் சொல்லையே நம்பிக் குடிக்கின்றான்.

பழையன யாவும் நல்லன என்று முடிவு கட்டுதலும் பொருந்தாது. பானகத்திலும் சர்பத்திலும் கரும்புச் சாற்றிலும் சர்க்கரை மிகுதியே. நாட்டு வெல்லம் என்பதால் நீரிழிவு விலகிப் போவதில்லை. கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் நீராகாரமும் நீர்மோரும் சர்க்கரை சேராதன, வேட்கை தணிப்பன. ஆகவே பிரிக்க வேண்டிய கோடு, பழமைக்கும் புதுமைக்கும் இடையே அன்று. உள்நாட்டிற்கும் அயல்நாட்டிற்கும் இடையேயும் அன்று. இனிப்பு ஏறியதற்கும் ஏறாததற்கும் இடையே ஆகும். இக்கோட்டின்படி கோலிச் சோடா நல்லதன் பக்கமும், அதே கடையில் அதே புட்டியில் விற்கும் கலர் மறுபக்கமும் நிற்கும்.

அரசு வரியால் இதனை ஒருவாறு உணர்த்த முயன்றுள்ளது. வளியேற்றிய பானங்களின் மேல் 2017 முதல் 28 விழுக்காட்டு வரியும் 12 விழுக்காட்டுக் கூடுதல் தீர்வையும் இருந்தன; 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டும் சேர்ந்து 40 விழுக்காட்டு வரியாக அமைந்தன. ஆயின் வளி என்பதே வரியின் பெயரில் முன்னிற்கின்றது. குற்றமற்ற வளி பழியைச் சுமக்கின்றது. பெயரால் நேர்ந்த மயக்கம் சட்டத்தையும் விடவில்லை.

9. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், சோடா, கலர், கூல்டிரிங்ஸ் என்னும் பெயர்கள் மருந்து, விருந்து, நாள் வழக்கு என்னும் மூன்று நிலைகளைக் காட்டுவன என்பதும், உட்பொருளைப் பற்றிய செய்தி பெயரிற் படிப்படியாகக் குறைந்து வந்தது என்பதும், முதல் நிலையின் நற்பெயர் தகுதியின்றிப் பின்னிரு நிலைகளுக்கும் சென்றது என்பதும், உடற்கேட்டிற்கு முதன்மைக் காரணம் சர்க்கரையே அன்றி வளி அன்று என்பதும் போதரும்.

கல்வராயன் மலையின் வெள்ளிமலை முதலிய ஊர்களிலும் கீழ்நாட்டுச் சங்கராபுரம், சின்னசேலம், திருக்கோவலூர்ப் பகுதிகளிலும் பருகுபொருட் பெயர்களைத் தொகுத்து, அவை எக்காலத்து வந்தன, எவரால் வழங்கப்படுகின்றன என்று வரிசைப்படுத்துதல் இளம் ஆய்வாளர்க்கு ஏற்ற பணியாகும். மொழியாராய்ச்சி பயன்தராத கல்வி என்பார்க்கு அதுவே தக்க விடையுமாகும்.

அதுவரை, புட்டியின் புறத்தே அச்சிட்டுள்ள சிற்றெழுத்துகளைப் படித்து, 100 மில்லி லிட்டருக்கு எத்துணைக் கிராம் சர்க்கரை எனக் கண்டு, புட்டியின் அளவால் அதனைப் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை நம் மாணாக்கர்க்கு ஊட்டுவோமாக. பெயர் சொல்லாததை அவ்வெண் சொல்லும்.